விழாதவர்கள்

நான் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தை வைத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார்மீது கோபப்படுவது என்பதை முழுக்கக் கேட்டபிறகு நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் பெனிட்டா. அம்பத்தூரில், பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்க வைக்கும் ஒரு மையத்தில் பதினோரு வருடம் இயன்முறை மருத்துவராக இருந்தேன். 2041ஆம் வருடம் மார்ச் மாதம் தில்லையரசியை அவருடைய கணவர் பக்கிரிசாமி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பத்தொரு வயது. மூளையின் வலப்பக்கம் இரத்தக்குழாய் அடைத்து, உடம்பின் இடப்பக்கம் தளர்ந்திருந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

"யோவ், மெல்லத் தள்ளுய்யா. நான் இன்னா கொத்தமல்லி மூட்டையா?" என்றுதான் உள்ளே வந்தார்.

ஏழு வாரத்தில் எழுந்து நின்றார். பிறகு ஒருநாள் வழக்கமான சோதனையைச் செய்தேன். கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னேன். ஒரு நிமிடம் ஆடாமல் நின்றார்.

"ரொம்ப நல்லாயிருக்குக்கா. இப்ப அப்படியே நின்னுக்கிட்டே நூத்துல இருந்து மூணு மூணா குறைச்சுச் சொல்லுங்க."

"தொண்ணூத்தேழு. தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி ஒண்ணு..."

அடுத்த எண் வரவில்லை. உதடு அசைந்தது. உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. நான் இடுப்பைப் பிடித்திராவிட்டால் தரையில்தான் கிடந்திருப்பார். நாற்காலியில் உட்கார வைத்ததும், "எம்பத்தெட்டு!" என்று கத்தினார். "இப்ப வருது பாரு! ஏம்மா, கணக்குக்கும் காலுக்கும் இன்னா சம்பந்தம்?"

"முன்னாடியெல்லாம் உங்க உடம்பு தானா நின்னுச்சுக்கா. நீங்க அதைக் கவனிக்கவே வேண்டியதில்ல. இப்ப நிக்கிறதுக்கே மூளை வேலை செய்யவேண்டியிருக்கு. கூடவே கணக்கையும் குடுத்தா, ரெண்டுல ஒண்ணு கீழ விழுந்துடும்."

"ரெண்டுல நான் விழுந்துட்டேன்."

"ஆமாக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நின்னுக்கிட்டுப் பேச முடியாதா நான்? சாட்சி சொல்லணுமே" என்றார்.

அன்றுதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. தில்லையரசி ஒரு குளிர்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர், தொழிற்சங்கச் செயலாளர். தகடு வளைக்கும் இயந்திரம் ஒன்றில் கை உள்ளே போனால் தானாக நின்றுவிடுவதற்கு ஒரு பாதுகாப்புக் கண் உண்டு. அது அடிக்கடி இயந்திரத்தை நிறுத்துகிறது, உற்பத்தி குறைகிறது என்று மேற்பார்வையாளர் முரளிதர் அதன் ஒயரை முறுக்கிக் கட்டிவிட்டான். கட்டியதைத் தில்லையரசி கண்ணால் பார்த்தார். அங்கேயே நின்று சத்தம் போட்டார். "சாயந்திரம் பேசிக்கலாம்" என்றார்கள் மேலாளர்கள். சாயந்திரத்துக்கு முன்னால் தேன்மொழி என்கிற இருபத்துநாலு வயதுப் பெண் அந்த இயந்திரத்துக்குள் இழுபட்டு இறந்துபோனாள். ஒன்பது நாள் கழித்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தில்லையரசி குளியலறைச் சுவரில் சாய்ந்து சரிந்தார்.

ஒயரை முறுக்கியதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். முரளிதர் ஒருவன். இன்னொருவர் வேலையை விட்டு வடக்கே போய்விட்டார். மிச்சம் தில்லையரசி.

*

விழாமல் காக்கும் நிலைப்பட்டை என்ற கருவியைக் கண்டுபிடித்தவர் எங்கள் மையத்தின் தலைமை மருத்துவர் சுதர்சனம். இடுப்பில் ஒரு மெல்லிய பட்டை, வலது காதுக்குப் பின்னால் சட்டைப் பித்தான் அளவில் ஒரு பொட்டு. உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பட்டை நொடிக்கு நூறு முறை அளக்கும். மூளை வேறு ஏதோ வேலையில் இறங்கி, அதனால் ஆட்டம் கூடினால், பொட்டு ஒரு சின்னத் துடிப்பை அனுப்பும். அந்த வேறு வேலை அடங்கும். ஆள் விழமாட்டார்.

அவ்வளவுதான். இதைக் கேட்டபோது நானும் கை தட்டினேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீழ்ச்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பேரனோடு பேசிக்கொண்டே நடந்தவர், கைப்பேசி ஒலித்ததும் திரும்பியவர், அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தவர் எல்லாரும் இடுப்பெலும்பு உடைந்து திரும்பி வந்தார்கள். பட்டை வந்தபிறகு பத்தில் ஒன்பது வீழ்ச்சிகள் இல்லாமல் போயின.

தில்லையரசிக்குப் பட்டை தரும்படி தொழிற்சாலையே எழுதிக் கேட்டது. "நிறுவனத்தின் அக்கறை" என்று கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நெகிழ்ந்துபோனேன் என்பதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

பட்டை போட்ட மூன்றாம் நாள் அவர் தனியாக நடந்தார். இரண்டாம் வாரம் மாடிப்படி ஏறினார். ஆறாம் வாரம் நான் சான்றிதழ் எழுதினேன்: நிலைப்பட்டை அணிந்த நிலையில் எந்தத் துணையுமின்றி நாற்பது நிமிடங்கள் நிற்கவும் நடக்கவும் இவர் தகுதி பெற்றுள்ளார். கீழே என் கையெழுத்து. மருத்துவர் சுதர்சனம் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் பக்கிரிசாமி மட்டும் தனியாக வந்தார். லேத் பட்டறையில் வேலை செய்து காய்ப்பேறிய கைகள். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களாண்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. இவ சண்டையே போட மாட்டேங்குறா."

"நல்லதுதானே அண்ணே?"

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். முப்பது வருசமா திட்டு வாங்கினவன் நான். ஆனா இது வேற. சமையக்கட்டுல நின்னுக்கிட்டிருப்பா. 'தில்ல, கம்பெனில இருந்து உன் பேருக்குக் கட்டாய ஓய்வு நோட்டீஸ் வந்துருக்கு'ன்னு சொன்னேன். 'சரிங்க'ன்னா. எங்களுக்குக் கல்யாணமான நாள்ல இருந்து என்னாண்ட 'சரிங்க'ன்னு சொன்னதில்லம்மா அவ. அப்புறம் வந்து கட்டில்ல உக்காந்தா. உக்காந்த உடனே 'இன்னாது? நோட்டீஸா? எவன் அனுப்பினான்?'னு காட்டுக் கத்தல். திரும்பி எழுந்திரிச்சா... மறுபடியும் 'சரிங்க.' எனக்குப் பயமாயிருக்கு. உக்காந்தா எம் பொண்டாட்டி. நின்னா யாரோ."

மறுநாள் தில்லையரசியை வரச் சொன்னேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு அவரை நடுவில் நிற்க வைத்தேன்.

"அக்கா, தேன்மொழி எப்படி செத்துப்போனா?"

அவர் முகத்தில் ஏதோ திரண்டது. புருவம் நெரிந்து தாடை இறுகியது. அடுத்த நொடி எல்லாம் கரைந்தது. தண்ணீர் ஊற்றிய தணல் மாதிரி.

"விடும்மா. ஆனது ஆச்சு. பாவம் அந்தப் பொண்ணு" என்றார் மென்மையாக.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். உட்காரும்போது பட்டை ஓய்ந்துவிடும். உட்கார்ந்தவர் விழ வாய்ப்பில்லையே. நான்கைந்து நொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். கண் முழுக்கத் தண்ணீர்.

"இப்ப நான் இன்னா சொன்னேன்? ஆனது ஆச்சுன்னா சொன்னேன்? அந்தப் பொண்ணப் பத்தியா?" வலது கையால் தன் தொடையில் ஓங்கி அடித்தார். "அது நான் சொல்லலம்மா. சத்தியமா நான் சொல்லல. யாரு அது? எவ எனக்குள்ள நின்னு பேசினா?"

*

மருத்துவர் சுதர்சனம் நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் எளிதாகக் காறி உமிழ்ந்துவிட்டு வந்திருப்பேன்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தில்லையரசியின் பட்டைப் பதிவைத் திரையில் கொண்டுவந்தார்.

"ஆமா, இங்கே தெரியுது. நீ கேட்ட உடனே சுமை ஏறியிருக்கு. பொட்டு அடக்கியிருக்கு. சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு?"

"சார், அவங்க கோபத்தையே அழிச்சிருக்கு!"

"பட்டைக்குக் கோபம்னா என்னன்னு தெரியாது பெனிட்டா. கணக்கு, கவலை, பாட்டு எதுவும் தெரியாது. எவ்வளவு கனம்னு மட்டும்தான் தெரியும். மனசு செய்யற வேலையிலேயே ரொம்ப கனமானது கோபம். கணக்குப் போடறதைவிட நாலு மடங்கு. அதனால அதைத்தான் முதல்ல இறக்கும்."

"அப்ப நம்ம நோயாளிங்க யாருமே நின்னுக்கிட்டுக் கோபப்பட முடியாதா?"

"விழாம இருக்காங்க."

"நான் கேட்டது அதில்ல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கப்பா என்னோட சண்டை போட்டுக்கிட்டே மாடிப்படி இறங்கினார். பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆகியிருந்துச்சு. எதுக்குச் சண்டைன்னுகூட இப்ப ஞாபகமில்ல. மூணாவது படியில விழுந்தார். அவ்வளவுதான். அவர் கோபப்படாம இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார். எனக்கு அது போதும்."

துடிப்பின் அளவையாவது குறைத்து வைக்கலாமா என்று கேட்டேன். முடியாது என்றார். அளவு காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிப் பூட்டப்பட்டது. குறைத்து, ஆள் விழுந்தால் சிகிச்சைக்கான காப்பீடு ரத்தாகும். கிளம்பும்போது, நல்ல செய்தி சொல்வதுபோல, இதையும் சொன்னார். அதே தொழிற்சாலை இன்னும் இருநூறு பட்டைகள் கேட்டிருக்கிறதாம்.

"அங்கே இருநூறு பேருக்கா பக்கவாதம் சார்?"

"இல்லல்ல. நின்னுக்கிட்டு வேலை செய்யறவங்க. தலைசுத்தல், வழுக்கி விழறது எல்லாம் இருக்கே. முன்னெச்சரிக்கை."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளமே இல்லை.

*

தேன்மொழியின் சாவு பற்றிய விசாரணைக்கு ஐந்து வாரம் இருந்தது. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ச் சாட்சி சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். தொழிற்சாலையின் வக்கீல் எங்களுக்கு முன்னால் யோசித்துவைத்திருந்தார். தில்லையரசி ஏற்கெனவே ஆஸ்பத்திரியிலிருந்து எழுத்தில் கொடுத்த புகாரை, மூளை பாதிக்கப்பட்டிருந்த நேரத்தில் கொடுத்தது என்று சொல்லி ஒதுக்க வைத்தாயிற்று. நேரில் வந்து சொல்லவேண்டும். வருவதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். என் சான்றிதழில் 'நிலைப்பட்டை அணிந்த நிலையில்' என்று இருக்கிறது. பட்டை இல்லாமல் வந்தால் வாசலிலேயே தகுதியில்லை. பட்டையோடு வந்தால் வாயே இல்லை.

"என் கையெழுத்துதாங்கா" என்றேன். அவர் வீட்டில், கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"தெரியும். அழுவாத. அழுது இன்னா ஆவப்போவுது?" என்றார். "கூண்டுல ஏறி, சத்தியம் வாங்கினப்புறம் கழட்டிப் போட்டா?"

"கழட்டணும்னு அப்ப உங்களுக்குத் தோணாதுக்கா. தோணினாலே அது சுமை. உடனே அடக்கிடும்."

அவர் யோசித்தார். உட்கார்ந்திருந்ததால் யோசிக்க முடிந்தது. "லைன்ல நிக்கிறப்போ எங் கை தானா ஸ்க்ரூவ எடுக்கும், தானா முடுக்கும். நான் பாட்டுக்குச் சங்க வேலையப் பத்தி நெனச்சுக்கினு இருப்பேன். கை எதையும் என்னாண்ட கேக்காது. அந்த மாதிரி பழக்கிட முடியாதா?"

பதினோரு வருடப் படிப்பும் அனுபவமும் உள்ள எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. உடம்பு தானாகச் செய்கிற காரியம் மூளைக்குச் சுமையே இல்லை. சுமை இல்லாததைப் பட்டை கண்டுகொள்ளாது.

ஒரு சொல் வேண்டும். அதைக் கேட்டதும் வலது கை காதுக்குப் பின்னால் போய்ப் பொட்டைப் பிய்க்கவேண்டும். விசாரணையில் நிச்சயம் யாராவது சொல்லக்கூடிய சொல்லாக இருக்கவேண்டும். இருவருக்கும் ஒரே சொல்தான் தோன்றியது. சொல்லத்தான் தயக்கமாக இருந்தது.

"தேன்மொழி" என்றார் தில்லையரசி கடைசியில்.

தினமும் மாலை நான்கு மணிக்குப் போனேன். அவர் நிற்பார். நான் ஏதேதோ பேசிக்கொண்டே வந்து நடுவில் அந்தப் பெயரைச் சொல்வேன். முதலில் கையை நானே தூக்கி வைத்தேன். இருநூறு, முன்னூறு முறை. பிறகு கை பாதி தூரம் வந்தது. பக்கிரிசாமியும் பட்டறையிலிருந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்ததும் தில்லையரசி என்மேல் எரிந்து விழுந்தார். "செத்துப்போன பொண்ணு பேர பள்ளிக்கூடத்து மணி மாதிரி அடிச்சுக்கினு இருக்கோம். அவங்கம்மா கேட்டா இன்னா சொல்லும்?" எனக்கும் அது தப்பாகத்தான் பட்டது. நிறுத்தவில்லை. நாலாவது வாரத்தில் கை தானாகப் போனது. பத்துக்கு ஒன்பது முறை.

*

விசாரணை அறை சின்னது. ஏசி இருந்தும் வியர்த்தது. விசாரணை அதிகாரி நாற்பது வயதுப் பெண், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தேன்மொழியின் அம்மா அஞ்சலை. வெளுத்துப்போன பச்சைப் புடவை. முரளிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து, சாட்சிக்கு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். வக்கீல் புன்னகையோடு என் சான்றிதழை நீட்டினார்.

"நாற்பது நிமிடம் துணையில்லாமல் நிற்கலாம் என்று இந்த அம்மையாரே சான்றளித்திருக்கிறார்."

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க கையெழுத்துதானே? அப்புறம் என்ன? சாட்சி நிக்கட்டும். நீங்க உக்காருங்க. இன்னொரு தடவ குறுக்க பேசினா வெளியதான்."

தில்லையரசி கூண்டில் ஏறினார். நேராக நின்றார். எவ்வளவு அழகாக நின்றார் தெரியுமா? ஒரு ஆட்டம் இல்லை. என் வேலை அது.

வக்கீல் மெதுவாக, அன்பாகக் கேட்டார். பட்டை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா, விபத்து நடந்த அன்று இயந்திரத்தில் யாராவது ஏதாவது மாற்றம் செய்ததைப் பார்த்தீர்களா?"

"ஞாபகம் இல்லைங்க."

"சம்பந்தப்பட்ட தொழிலாளி கவனக்குறைவாக இருந்திருக்கலாம் அல்லவா?"

"இருக்கலாங்க."

"மேற்பார்வையாளர்மீது உங்களுக்குப் புகார் ஏதும் உண்டா?"

"இல்லைங்க. ஆனது ஆச்சு."

சம்பந்தப்பட்ட தொழிலாளி. இறந்த நபர். மேற்படி பெண். பதினோரு நிமிடம் கேள்வி கேட்டார். ஒருமுறைகூடப் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஏற்பாடு அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர்கள் வழக்கமே அதுதான். பெயர் சொன்னால் அது ஆளாகிவிடும். இப்படி ஒரு சின்ன விஷயத்தை யோசிக்காமல் இரண்டாயிரம் முறை பழக்கியிருக்கிறோம்.

நானே கத்திவிடுவது என்று முடிவு செய்தேன். வெளியே தள்ளட்டும். எழுந்திருக்கப் போன அந்த நேரம் முன்வரிசையில் புடவை சரசரத்தது. அஞ்சலை எழுந்துகொண்டிருந்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வக்கீலை நோக்கி விரலை நீட்டினார்.

"பேர் இருக்குதுய்யா எம் பொண்ணுக்கு! தேன்மொழி! நான் வெச்ச பேரு! ஒரு தடவையாச்சும் வாய்ல சொல்லித் தொலைங்களேன்!"

நான் கூண்டின் பக்கம் திரும்பினேன். பொட்டு தில்லையரசியின் விரல்களில் இருந்தது.

முகம் மாறுவதைப் பார்த்தேன். மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"பாத்தேன்!" என்றார். அந்தக் குரலில் அதிகாரியின் பேனா நின்றது. "என் ரெண்டு கண்ணால பாத்தேன். காலையில பத்தேகால் மணி. தோ உக்காந்துக்கினு இருக்கானே முரளிதரு, அவன்தான் ஒயர முறுக்கினான். செவப்பு ஒயரு. முறுக்கிட்டு டேப் ஒட்டினான். அந்த டேப்பு இன்னும் மிஷின்லயே இருக்கும், போய்ப் பாருங்க!"

உடம்பு இடப்பக்கம் ஆடத் தொடங்கியது. வலது கையால் கம்பியைப் பிடித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சாய்வு. பக்கிரிசாமி ஓடினார். அவருக்கு முன்னால் காவலர் ஓடினார். இரண்டு பேரும் போய்ச் சேரவில்லை.

விழுந்த சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

தரையில் கிடந்தபடியே மிச்சத்தைச் சொன்னார். சாயந்திரம் பேசிக்கலாம் என்று சொன்னவர்கள் யார் யார், எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று ஒன்றும் விடவில்லை. வலியில் பல் கிட்டிப்போய், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வக்கீல், சாட்சி இப்போது தகுதியான நிலையில் இல்லை என்றார். அதிகாரி முதன்முறையாக எழுந்து நின்றார்.

"சத்தியம் பண்ணிட்டாங்க. கூண்டுலதான் இருக்காங்க. நான் எழுதறேன். நீங்க உக்காருங்க" என்றார்.

*

தில்லையரசிக்கு இடுப்பெலும்பு உடைந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. டேப் சுற்றிய ஒயர் இயந்திரத்தின் பின்புறம் இருந்தது. முரளிதரும் மேலாளர் ஒருவரும் கைதானார்கள். என்னை மையத்திலிருந்து நீக்கினார்கள். நோயாளியைத் திட்டமிட்டு விழவைத்ததாக என்மீது தொழில்முறைப் புகாரும் போயிற்று. அதில் பாதி உண்மை. நான் மறுக்கப்போவதில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பகலில், மருத்துவர் சுதர்சனம் என் வீட்டுக்கு வந்தார். கையில் மடிக்கணினி. காபி கூடக் குடிக்காமல் அதைத் திறந்தார்.

"இதைப் பாரு. அன்னிக்குப் பட்டையோட பதிவு. இது அவங்க விசாரணை அறையில எடுத்த ஒலிப்பதிவு. ரெண்டையும் ஒரே நேரக்கோட்டுல வெச்சிருக்கேன். அந்தம்மா 'தேன்மொழி'ன்னு கத்தினது இங்கே, பதினொண்ணு நாப்பத்திரெண்டு, பதிமூணாவது நொடி. பொட்டு கழண்டது எங்கேன்னு பாரு."

பார்த்தேன். பதினொன்று நாற்பத்திரண்டு, ஏழாவது நொடி.

"ஆறு நொடி முன்னாடி" என்றார் சுதர்சனம். "நீ பழக்கினது இல்ல பெனிட்டா. பேரைக் கேக்கறதுக்கு முன்னாடியே கை போயிருக்கு. அதுக்கு முன்னாடி பதினோரு நிமிஷமும் பட்டை உச்சத்துல அடிச்சிருக்கு. ஒரு நொடி விடல. அப்படியும் அவங்க..." மறுபடி திரையைப் பார்த்தார்.

வெளியே 'இல்லைங்க, ஆனது ஆச்சு' என்று சொல்லிக்கொண்டு ஆடாமல் நின்ற அந்தப் பதினோரு நிமிடமும் அந்தப் பெண் உள்ளே மல்லுக்கட்டியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த அஞ்சலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இந்த மனிதருக்கும் இப்போது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"அதனால அளவைக் கூட்டணும். உச்சமே போதலைன்னா இன்னொரு பொட்டு வேணும், இடது காதுக்கும். நீ திரும்பி வா. நோயாளிங்க நடத்தையை உன்ன மாதிரி கவனிக்கிறவங்க எனக்கு வேற யாரும் இல்ல. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிட்டேன். தொழிற்சாலை இருநூறு பட்டையையும் வர்ற மாசம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள இதைச் சரிபண்ணியாகணும்."

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் நிஜமான அக்கறையோடு என்னைப் பார்த்தன. என் கையிலிருந்த காபித் தம்ளரை அவர் முகத்தில் எறியத் தோன்றியது. மேசைமேல் மெதுவாக வைத்தேன்.

"சார், இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. படிச்சுப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

மகிழ்ச்சியோடு எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு. கடைசியில் வழக்கம்போலப் பதிவு எண்ணும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டார்.

அவர் போனதும் அந்தக் காகிதத்தோடு தில்லையரசியின் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"'உச்ச அளவிலும் நோயாளியின் எதிர்ப்பு முழுமையாக அடங்கவில்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு முன் இக்குறை நீக்கப்பட வேண்டும்.'"

இரண்டாவது தடவை மனதுக்குள் வாசித்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"குறையாமே" என்றார். "நாம சொல்லியிருந்தா எவன் நம்புவான்? அந்த ஆளே எழுதிக் குடுத்துருக்காரு. யோவ், என்னைக் கொஞ்சம் தூக்கி உக்கார வைய்யா."

பக்கிரிசாமி தூக்கி உட்கார வைத்தார். வலியில் முகம் சுளித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அதிகாரியம்மாவுக்கு ஒண்ணு அனுப்பு. அப்புறம் அந்த இருநூறு பேருக்கும் ஆளுக்கொரு காப்பி போவணும், பட்டை கட்றதுக்கு முன்னாடி. பேப்பர் எடு, எழுதிக்கோ."

"இருநூறு பேர் பேரும் எங்கக்கா கிடைக்கும்? கம்பெனில தரமாட்டாங்களே."

என்னை முறைத்தார்.

"காலை ஷிப்டு, முதல் லைன்" என்று தொடங்கினார். "குமுதவல்லி. ஜெபராணி. மும்தாஜ். பெரிய குமுதா. கன்னியம்மா, இனிஷியல் வி..."

என் பேனா அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓடியது.